பிழை விடப் பழக்கும் விமானம்



உள்துறைமுகத்துக்கு அப்பால் சீனக்குடாப் பக்கமிருந்து வரும் அந்த உறுமல் சத்தம் நம் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. சின்ன விமானம் ஒன்று எழும்பும். ஒரு வட்டம் அடிக்கும். இறங்குவதுபோல வந்து, ஓடுபாதையில் சக்கரத்தைத் தட்டிவிட்டுத் திரும்பவும் எழும்பும். இப்படியே பல தடவை. "இறங்கத் தெரியாமலா திரும்பத் திரும்ப எழும்புது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி சரியானதுதான். ஆம், இறங்கத் தெரியாமல்தான். இறங்கப் பழகுகிறார்கள்.

அந்த விமானத்தின் பெயர் பீ.ரீ.6. சீனாவில் செய்தது. சீனக்குடாவில் இருக்கும் இலங்கை விமானப்படை அகடமியில் பறக்கப் பழகும் இளைஞர்களின் ஆரம்பப் பாடசாலை அதுதான். வாசலுக்கு மேலே நாளாந்தம் பறக்கும் இந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது, யார் யோசித்துச் செய்தார்கள், ஏன் அது இப்படியான வடிவத்தில் இருக்கிறது என்று நாம் பேசிக்கொண்டதில்லை. இன்று அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். பதிவு நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு இந்தக் கதையில் ஒரு தனி அக்கறையும் உண்டு. கலாசாலையில் கற்பித்தல் துணைச் சாதனம் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். படம், அட்டை, மாதிரி உருக்கள் எல்லாம் செய்தோம். உலகத்தில் செய்யப்பட்ட மிகப் பெரிய, மிக ஆபத்தான கற்பித்தல் துணைச் சாதனம் எது என்று கேட்டால், பயிற்சி விமானம் என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் செய்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் இருந்த கேள்வி ஒன்றேதான்: படிக்கிற பிள்ளை பிழை விடும், அந்தப் பிழையை என்ன செய்வது?

பேசு குழாயிலிருந்து தொடங்கிய பாடம்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் விமானம் ஓட்டப் பழக்கியவர்களிடம் ஒழுங்கான முறை எதுவும் இருக்கவில்லை. இயந்திரச் சத்தத்தில் ஆசிரியர் சொல்வது மாணவனுக்குக் கேட்காது. ஆபத்தான நிலைகளைப் பற்றிய போதனை எல்லாம், "அந்தப் பக்கமே போகாதே" என்பதோடு முடிந்துவிடும். அரைகுறையாகப் படித்தவர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள்.

ரொபர்ட் ஸ்மித் பாரி என்ற பிரித்தானிய அதிகாரி பிரான்சில் ஒரு விமான அணிக்குத் தலைமை தாங்கியவர். தன்னிடம் அனுப்பப்பட்ட இளம் விமானிகளின் நிலையைக் கண்டு கொதித்துப்போய் மேலிடத்துக்கு எழுதினார். 1917இல் இங்கிலாந்தின் கொஸ்போட் என்ற இடத்தில் அவரிடமே ஒரு பயிற்சிப் பாடசாலை ஒப்படைக்கப்பட்டது. அங்கே அவர் முறையைத் தலைகீழாக்கினார். ஆபத்தான நிலைக்கு மாணவனை வேண்டுமென்றே கூட்டிப்போக வேண்டும், அதிலிருந்து வெளியே வரும் வழியை அவன் கையாலேயே செய்யவைக்க வேண்டும் என்றார். இருவரும் பேசிக்கொள்ள இறப்பர்க் குழாய் ஒன்று பொருத்தப்பட்டது. மாணவனுக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கோல், ஆசிரியருக்கு ஒரு கோல், இரண்டும் ஒன்றாக அசையும். அவர் இதற்குப் பயன்படுத்தியது 1913இல் முதன்முதலாகப் பறந்த அவ்ரோ 504 என்ற விமானம். போரில் பறந்த விமானம் ஆசிரியராக மாறிய கதை அது.

இன்று உலகத்தில் எந்த விமானப் பாடசாலைக்குப் போனாலும் அடிப்படை முறை இதுதான். பயத்தைக் காட்டித் தள்ளி வைப்பதல்ல, பயத்துக்குள்ளே கூட்டிப்போய் வழி காட்டுவது.

ஆசிரியர் உயிர் தப்ப இறக்கையை வளைத்தார்கள்

அடுத்த கட்டம் டைகர் மொத். ஜெப்ரி டி ஹவிலண்டின் கம்பனி செய்தது. 1931 ஒக்டோபர் 26இல் முதன்முதலாகப் பறந்தது. மேலும் கீழுமாக இரண்டு மர இறக்கை, உருக்குக் குழாயாலான உடம்புச் சட்டம், துணிப் போர்வை, 130 குதிரைவலு கொண்ட இயந்திரம்.

அதில் மாணவன் பின்னால் இருப்பான், ஆசிரியர் முன்னால். முந்திய வடிவத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஆசிரியரின் தலைக்கு மேலே இறக்கையும் எண்ணெய்த் தாங்கியும், சுற்றிவர அவற்றைத் தாங்கும் கம்பங்களும். அவசரத்துக்குப் பரசூட்டோடு வெளியே பாய்வது கஷ்டம். அதற்காக மேல் இறக்கையை முன்னுக்கு நகர்த்தினார்கள். அப்படி நகர்த்தியதும் விமானத்தின் சமநிலை குழம்பியது. அதைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். பழைய படங்களில் டைகர் மொத்தின் இறக்கை கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்தால், அது அழகுக்காக அல்ல. ஒரு ஆசிரியர் உயிரோடு வெளியே வர வேண்டும் என்பதற்காக வந்த சாய்வு.

எண்ணாயிரத்துக்கும் மேல் இந்த விமானங்கள் செய்யப்பட்டன. இதை ஓட்டுவது லேசு, நன்றாக ஓட்டுவது கஷ்டம் என்று விமானிகள் சொல்வார்கள். மாணவன் சின்னப் பிழை விட்டாலும் விமானம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்தப் பிழைக்காக அவனைக் கொன்றுவிடாது. நல்ல ஆசிரியருக்கு இதைவிட வேறு வரைவிலக்கணம் வேண்டுமா?

அகதியாய் வந்த ஒருவர் வரைந்தது

நம் நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விமானம் அடுத்ததாக வருகிறது. அதன் பெயர் சிப்மங்க். அதை வடிவமைத்தவர் செவொலொட் யாக்கிமியுக். போலந்தின் விமானத் தொழிற்சாலையில் போர் விமானங்களை வடிவமைத்துப் பெயர் பெற்றவர். 1939இல் ஜெர்மனி போலந்தைப் பிடித்தபோது நாட்டை இழந்து வெளியேறினார். கடைசியில் கனடாவின் ரொறன்ரோவில் இருந்த டி ஹவிலண்ட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். போர் முடிந்ததும், டைகர் மொத்துக்குப் பதிலாக ஒரு புதிய பயிற்சி விமானத்தை அங்கே வரைந்தார். 1946 மே 22இல் அது பறந்தது. ஊரை விட்டு ஓடிப்போன அனுபவம் உள்ள நமக்கு இந்த மனிதரின் கதை தூரத்துக் கதையாகத் தெரியாது.

சிப்மங்கில் ஒற்றை இறக்கை. உடம்பு உலோகம். மேலே கண்ணாடி மூடி. இயந்திரம் 145 குதிரைவலு. முக்கியமான மாற்றம் இருக்கையில். இதில் மாணவன் முன்னால், ஆசிரியர் பின்னால். முன்னால் பார்க்கும் பார்வை முழுவதும் மாணவனுக்கே. ஆசிரியர் அவன் பின்தலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். தேவைப்பட்டால் மட்டும் கோலைப் பிடிப்பார்.

1951 மார்ச் 2இல் றோயல் சிலோன் விமானப்படை தொடங்கப்பட்டபோது, அதன் முதல் விமானங்களாக இருந்தவை இந்தச் சிப்மங்குகள்தான். சுதந்திரம் பெற்று மூன்றே வருடமான நாடு தன் பிள்ளைகளைப் பறக்கப் பழக்கியது, போலந்து அகதி ஒருவர் கனடாவில் வரைந்த விமானத்தில். அப்போது சீனக்குடா பிரித்தானியரின் கையில் இருந்தது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட அதே சீனக்குடா. 1950களின் பிற்பகுதியில் பிரித்தானியர் இங்கிருந்த தளங்களைக் கையளித்த பிறகுதான் அது நம் நாட்டு விமானப்படையின் தளமானது.

மகோகனி விதையும் ஸ்பின்னும்

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சி விமானங்களின் வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும் பரீட்சை ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்பின்.

மகோகனி மரத்திலிருந்து விதை விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நேராக விழாது. சுற்றிச் சுற்றி விழும். விமானமும் அப்படி விழலாம். வேகம் குறைந்து மூக்கு அளவுக்கு மிஞ்சி உயர்ந்தால், இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். இரண்டு இறக்கையும் ஒரே அளவில் இழந்தால் விமானம் மூக்கைக் கீழே போட்டு இறங்கும், அவ்வளவுதான். ஒரு பக்க இறக்கை மற்றதைவிட அதிகமாக இழந்தால், அந்தப் பக்கமாகச் சுழன்றுகொண்டே கீழே வரும்.

அந்த நேரத்தில் மனிதக் கை என்ன செய்யும்? தரை மேலே வருவதைக் கண்டதும் கோலைத் தன் பக்கம் இழுக்கும். அது இயல்பு. அந்த இயல்புதான் கொல்லும். செய்ய வேண்டியது எதிர்மாறானது: இயந்திர வலுவைக் குறைத்து, சுழலும் பக்கத்துக்கு எதிராகச் சுக்கானை மிதித்து, கோலை முன்னுக்குத் தள்ள வேண்டும். விழுந்துகொண்டிருக்கும்போது மூக்கை இன்னும் கீழே தள்ள ஒருவனுக்குத் துணிவு வர வேண்டுமானால், அதை முன்னரே பல தடவை செய்து பார்த்திருக்க வேண்டும். புத்தகத்தில் வாசித்தது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வராது.

அதனால் பயிற்சி விமானம் ஸ்பின்னுக்குள் போக வேண்டும், சரியாகச் செய்தால் உறுதியாக வெளியே வரவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே விமானத்தில் வைப்பதுதான் வடிவமைப்பாளரின் பெரிய தலையிடி. சிப்மங்கிலேயே இந்தச் சிக்கல் வந்தது. ஸ்பின் விபத்துகளுக்குப் பிறகு, வாலுக்கு முன்னால் உடம்பின் இரு பக்கமும் நீளமான தகடுகள் பொருத்தப்பட்டன. பார்த்தால் சின்னத் தகடு. அதற்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

"அப்படியென்றால் ஸ்பின்னுக்கே போகாத விமானத்தைச் செய்தால் என்ன?" என்று கேட்கலாம். செய்தார்கள். 1937இல் அமெரிக்காவில் பிரெட் வீக் என்ற பொறியியலாளர் எர்கூப் என்ற சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். சுக்கான் மிதியே இல்லை. காரைப் போலத் திருப்பலாம். ஸ்பின்னுக்குள் போகாது. ஆனால் அதில் மட்டும் படித்தவர்களுக்கு, சுக்கான் மிதி உள்ள மற்ற விமானங்களை ஓட்ட முடியாதபடி கட்டுப்படுத்தப்பட்ட அனுமதிப்பத்திரம்தான் கிடைத்தது. பிழை விடவே இடமில்லாத வகுப்பில் படித்தவன் அந்த வகுப்பை விட்டு வெளியே போக முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மறுபக்கமும் உண்டு. பக்கத்து இந்தியாவைப் பாருங்கள். பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனத்தில் வி.எம். காட்கே என்ற பொறியியலாளரின் தலைமையில் எச்.ரீ.2 என்ற பயிற்சி விமானம் உருவாகி 1951 ஓகஸ்டில் பறந்தது. சுதந்திர இந்தியா தானே வடிவமைத்த விமானம் அது. பல தலைமுறை விமானிகள் அதில் படித்தார்கள். அதன் இடத்துக்கு வந்த எச்.பீ.ரீ.32 தீபக்கின் கதை வேறு. வானில் இயந்திரம் நின்றுபோகும் பிரச்சினை அதைத் துரத்திக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டால் காற்றில் மிதந்து பத்திரமாக இறங்கும் தன்மையும் அதற்குப் போதாது. 17 விபத்துகளில் 19 விமானிகள் இறந்தார்கள். 2009 ஜூலையில் இரண்டு பயிற்றுநர்கள் இறந்த விபத்துக்குப் பிறகு அந்த விமானங்கள் முழுவதும் நிறுத்தப்பட்டன. அதற்குப் பிறகு அவர்கள் வடிவமைத்த எச்.ரீ.ரீ.40, 2016 மே 31இல் பறந்தது. ஆனால் ஸ்பின் சோதனைகளில் தேறுவதற்கு வால் பகுதியைத் திருத்த வேண்டி வந்தது. முதல் பறப்புக்கும் படையில் சேர்வதற்கும் இடையில் வருடங்கள் போவது இதனால்தான். மாணவனின் உயிர் விஷயத்தில் அவசரப்பட முடியாது.

நம் தலைக்கு மேலே பறப்பது

இப்போது பீ.ரீ.6க்கு வருவோம். சீனா தன் விமானிகளைப் பழக்க, முதலில் சோவியத்தின் யாக் 18 விமானத்தைத் தன் நாட்டிலேயே செய்தது. நான்சாங் நகரத் தொழிற்சாலையில் செய்த முதல் விமானம் 1954 ஜூலையில் பறந்தது. நல்ல விமானம்தான். ஆனால் அதன் மூன்றாவது சக்கரம் வாலுக்குக் கீழே இருந்தது. அந்தக் காலத்தில் வந்த மிக் ஜெட் விமானங்களுக்கோ மூன்றாவது சக்கரம் மூக்குக்குக் கீழே.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ட்ரெயிலர் பூட்டிய லேண்ட்மாஸ்டரைப் பின்னுக்கு எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொஞ்சம் கோணினாலும் கோணல் கூடிக்கொண்டே போகும். வால் சக்கர விமானமும் தரையில் அப்படித்தான், பாரம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால். மூக்குச் சக்கர விமானம் தானாகவே நேராக வரப் பார்க்கும். ஒன்றில் பழகிய கையும் காலும் மற்றதில் போய்த் தடுமாறும். நாளைக்கு ஓட்டப்போவதற்குப் பொருத்தமில்லாததை இன்று படிப்பிப்பதில் என்ன பயன்? பாடத்திட்டம் மாற வேண்டிய நேரம் வந்தது.

1957இன் கடைசியில் புதிய விமானத்தை வடிவமைக்கும் வேலை தொடங்கியது. வடிவமைப்பாளர்களில் ஒருவர் செங் பூஷி. முப்பது வயதைக்கூட எட்டாதவர். ஷென்யாங்கில் தொடங்கிய வேலை 1958இல் நான்சாங் தொழிற்சாலைக்கு மாறியது. அதே வருடம் ஓகஸ்ட் 27இல் முதல் விமானம் பறந்தது. மூக்குச் சக்கரம், முழுவதும் உலோக உடம்பு, உள்ளே மடங்கும் சக்கரங்கள், நுனிப்பக்கம் மேல்நோக்கி வளைந்த இறக்கை. எல்லாம் சரி. ஆனால் பறக்கவிட்டதும் தெரிந்தது, இயந்திரத்தின் வலு போதாது. மாணவன் பிழை விட்டு உயரத்தை இழந்தால், திரும்ப ஏற வலு வேண்டுமே.

இயந்திரத்தை மாற்றினார்கள். ஒன்பது சிலிண்டர்கள் சூரியகாந்தி இதழ்கள்போல வட்டமாக நிற்கும் 260 குதிரைவலு இயந்திரம் வந்தது. சோவியத் வடிவத்தைச் சீனாவிலேயே செய்தது. அதன் பிறகுதான் பெரிய அளவில் உற்பத்தி செய்ய அனுமதி கிடைத்தது. 1965இல் அந்த இயந்திரத்தின் வலுவை 285 ஆகக் கூட்டினார்கள். சீனாவில் அதன் பெயர் சீ.ஜே.6. வெளிநாட்டுக்கு விற்கும்போது பீ.ரீ.6. நாம் கேட்கும் அந்த முரட்டு உறுமல் இந்த ஒன்பது சிலிண்டர்களின் சத்தம்தான்.

இன்னொரு விஷயம். இந்த விமானத்தில் பல வேலைகளைச் செய்வது அமுக்கிய காற்று. இயந்திரத்தைக் கிளப்புவது, சக்கரத்தை மடக்குவது, பிரேக் பிடிப்பது எல்லாம் காற்றால். கடுங்குளிரில் தூரத்து ஓடுபாதைகளிலும் இலகுவாகப் பராமரிக்கத் தக்கதாக வந்த சோவியத் பரம்பரைப் பழக்கம் அது. இன்று அது நம் திருமலை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வேலை செய்கிறது.

பாடசாலைக்குக் குண்டு கட்டியவர்கள்

கதையை இத்தோடு நிறுத்தினால் அது அரைக் கதை. நம் ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வானத்தில் சின்ன விமானச் சத்தம் கேட்டால் முதலில் வரும் நினைவு படிப்பு அல்ல.

பயிற்சி விமானம் மலிவானது, மெதுவாகப் பறக்கும், சின்ன ஓடுபாதை போதும், யாரும் ஓட்டப் பழகலாம். மாணவனுக்காகச் செய்த இந்த நல்ல குணங்கள் எல்லாம் வேறொருவர் கண்ணுக்கும் பட்டன. 1940இல் ஜெர்மனி படையெடுக்குமோ என்ற பயத்தில் பிரித்தானியரே டைகர் மொத்களுக்குக் குண்டு தாங்கும் சட்டங்களைப் பொருத்தினார்கள். நல்லவேளையாக அதைப் பாவிக்கத் தேவை வரவில்லை. நம் நாட்டில் தேவை வந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியை அடக்க, பயிற்சிக்காக வடிவமைக்கப்பட்ட ஜெட் புறவோஸ்ட் விமானங்கள் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டன. நாட்டின் தெற்கில் அது நடந்தது.

அதற்குப் பிறகு வடக்கு கிழக்கின் முறை. இத்தாலியின் ஸ்டெலியோ பிராட்டி வரைந்து 1964இல் பறந்த அழகான ஒரு பயிற்சி விமானம், மார்செட்டி எஸ்.எப்.260. இன்றும் பல நாடுகளில் மாணவர்கள் அதில் படிக்கிறார்கள். நம் பக்கத்துச் சனம் அதை "சியாமாசெட்டி" என்று அறிந்தது, 1980களில் அது குண்டோடும் ரொக்கெட்டோடும் வந்தபோது. அந்தப் பெயரைக் கேட்டதும் பதுங்கு குழிக்கு ஓடிய சனம் இன்னும் நம்மிடையே உண்டு. மறுபக்கத்தில், செக் நாட்டின் பயிற்சி விமானக் குடும்பத்தில் வந்த ஸ்லின் 143 என்ற இலகு விமானத்தை விடுதலைப் புலிகள் குண்டு வீசப் பயன்படுத்தினார்கள். 2007 மார்ச்சில் கட்டுநாயக்க. 2008 ஓகஸ்ட் 26 இரவு நம் திருமலைக் கடற்படைத் தளம். அந்த இரவில் இந்த ஊர் எப்படி விழித்திருந்தது என்பதை வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள்.

யாருடைய விமானம் என்று பார்த்து நம் குழந்தைகளின் நெஞ்சு பயந்ததில்லை. கீழே நின்றவர்கள் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோரும். பழிவாங்கும் கணக்கு எழுதுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. பிள்ளையின் கைப்பிழையைத் தாங்குவதற்கென்று ஒருவர் இரவு பகலாக யோசித்து வரைந்த பொருளை இன்னொருவர் என்ன செய்தார் என்பதும் அந்தப் பொருளின் வரலாறுதான். அதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு விமானக் கதை சொன்னால், அது பொய்க் கதை.

திரும்பி வராதவர்கள்

இன்றைய சீனக்குடாவுக்குத் திரும்புவோம். இப்போது அந்தச் சத்தம் பயிற்சியின் சத்தம் மட்டுமே, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பயிற்சிக்கும் விலை உண்டு. 2020 டிசெம்பர் 15இல் சீனக்குடாவிலிருந்து தனியாகப் பறந்த பயிலுனர் விமானி ஒருவர் கந்தளாய்ப் பக்கம் பீ.ரீ.6 விழுந்து இறந்தார். 2023 ஓகஸ்ட் 7இல் இன்னொரு பீ.ரீ.6 சீனக்குடாவிலேயே விழுந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். 2025 மார்ச்சில் கே.8 என்ற ஜெட் பயிற்சி விமானம் வாரியபொலப் பக்கம் விழுந்தது. அதில் இருந்த இருவரும் உயிர் தப்பினார்கள். காரணம், அந்த ஜெட்டில் இருக்கையோடு வெளியே எறியும் பொறிமுறை இருக்கிறது. பீ.ரீ.6இல் அது இல்லை. கண்ணாடி மூடியைத் தள்ளித் திறந்து, தானாக வெளியேறிப் பரசூட்டை விரிக்க வேண்டும். அதற்கு உயரம் வேண்டும், நேரம் வேண்டும்.

இறந்த அந்தப் பிள்ளைகளும் யாரோ ஒரு ஊரின், யாரோ ஒரு உம்மாவின், அம்மாவின் பிள்ளைகள். அவர்களின் வீட்டாருக்கு இறைவன் பொறுமையைக் கொடுக்கட்டும். அறுபது வருடத்துக்கு மேல் பழைமையான வடிவமைப்பு ஒன்றில் நம் இளைஞர்கள் இன்னும் படிக்கிறார்கள் என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வடிவமைப்பு பழையது என்பதற்காக அது கெட்டது ஆகிவிடாது. ஆனால் பழைய ஆசிரியரிடம் பிள்ளையை அனுப்பும் வீட்டார், அவர் இன்னும் சுகமாக இருக்கிறாரா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்பது தேசத்துரோகம் அல்ல, பிள்ளைகள் மீதான அக்கறை.

நமக்கு இதில் என்ன பாடம்?

நூறு வருட அனுபவத்திலிருந்து விமானம் செய்தவர்கள் படித்துக்கொண்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மாணவன் பிழை விடுவான் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு வரைய வேண்டும். பிழையை உடனே காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது. பிழைக்காக அழிக்கக் கூடாது. ஆபத்தைப் பற்றிச் சும்மா எச்சரிக்காமல், பக்கத்தில் இருந்துகொண்டு அதற்குள் கூட்டிப்போய் வெளியே வரப் பழக்க வேண்டும். நாளைக்கு அவன் ஓட்டப்போவதை நினைத்து இன்றைய பாடத்தை மாற்ற வேண்டும்.

நம் வகுப்பறைகளை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். கொப்பியில் சிவப்புப் புள்ளடி போடுவதோடு பிழை முடிந்துவிடுகிறது. கையை உயர்த்திப் பிழையான விடை சொன்ன பிள்ளை, முழு வகுப்பும் சிரித்த பிறகு அடுத்த தடவை கையை உயர்த்துவதில்லை. வீட்டிலும் அப்படித்தான். புலமைப்பரிசில் பரீட்சையில் ஐந்து புள்ளி குறைந்ததற்கு ஒரு வாரம் பேசாத வாப்பாக்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்று ஒப்படையைத் தாங்களே செய்து கொடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். முதலாவது ஸ்பின்னிலிருந்து வெளியே வராத விமானம். இரண்டாவது ஸ்பின்னுக்கே போகாத விமானம். இரண்டிலும் பிள்ளை பறக்கப் பழகாது.

விமானப் பாடசாலைகளில் எல்லா மாணவருக்கும் ஒரு நாள் வரும். வழக்கம்போல ஆசிரியரோடு சில வட்டம் அடித்து இறங்கியதும், விமானத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆசிரியர் இறங்கிவிடுவார். இறங்குமுன் தன் இருக்கைப் பட்டியை ஒழுங்காகக் கட்டி வைப்பார், அது அவிழ்ந்து கிடந்து கோலில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக. பிறகு ஓடுபாதை ஓரத்தில் நிற்பார். மாணவன் தனியாக எழும்புவான், ஒரு வட்டம் அடிப்பான், இறங்குவான். அந்தச் சில நிமிடங்களில் ஆசிரியரின் கையில் கோல் இல்லை, பேசு குழாய் இல்லை. அவரால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. அதுவரை செய்ததுதான்.

நாமும் நம் பிள்ளைகளிடமிருந்து ஒரு நாள் இறங்கத்தான் போகிறோம். அதற்கு முன் அவர்கள் நம் முன்னாலேயே பிழை விட்டு, நம் முன்னாலேயே திருத்திக்கொள்ளட்டும்.